செவந்திக்காக முகர்ந்து பார்த்தவன்

அன்று பால் கெட்டுப்போயிருக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் மனைவி செவந்தி பால் பாத்திரத்தை இரண்டு கைகளிலும் ஏந்தி வந்து என் மூக்குக்குக் கீழே நீட்டினாள். நான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு முகர்ந்து பார்த்தேன். நல்ல பால். "நல்லாத்தான் இருக்கு" என்றேன். அவள் அடுக்களைக்குத் திரும்பினாள். அந்த நாளில் எந்த விளக்கமும் தேவைப்படாத கடைசி விஷயம் அதுதான்.

என் மூக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சோதனைக் குழாயை நேராக மூக்கில் வைக்கக் கூடாது, கையால் விசிறி ஆவியை வரவழைத்துத்தான் முகர வேண்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வரும் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுத்தவன். மூடி திறந்த பாட்டில் எது என்று அறைக்குள் நுழையும்போதே சொல்லிவிடுவேன். ஆக, என்னுடையது பயிற்சி பெற்ற மூக்கு.

செவந்தியின் மூக்கு எந்தப் பயிற்சியும் பெறாமலே என்னுடையதைவிட நல்ல மூக்காக இருந்தது. பொன்னமராவதியில் எங்கள் வீடு பேருந்துச் சாலையில் இருக்கிறது. அத்தனை புகையிலும், பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் ரசத்தைத் தீய விட்டால் பிச்சையம்மாளுக்கு முன்பு செவந்திக்குத் தெரிந்துவிடும். நான் எந்தக் கடையில் வடை தின்றுவிட்டு வந்தேன் என்பதைச் சட்டையிலிருந்து சொல்வாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுக்கென்று இருந்தவன் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி அழகுமலை மட்டும்.

கொரோனாவின் இரண்டாம் அலையில் நாங்கள் இருவருமே படுத்தோம். இருவருக்கும் வாசனை போனது. எனக்குத் திரும்பி வந்தது, அவளுக்கு வரவில்லை. வரும், காத்திருங்கள் என்றார் டாக்டர். காத்திருந்தோம். வரவில்லை.

வாசனை தெரியாத மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. அவர்கள் வாழ்வதில்லை, காவல் காக்கிறார்கள். தோசை மாவு, மீன், தேங்காய்ச் சில்லு, படுக்கை விரிப்பு, கல்யாணத்துக்குக் கிளம்பும்போது ரவிக்கையின் அக்குள், எல்லாம் என் முகத்துக்கு முன்னால் வந்தன. "ஏங்க, இத செத்த மோந்து பாருங்க." நான் குளித்துக்கொண்டிருந்தாலும் கதவைத் தட்டிக் கேட்பாள். எல்லாவற்றையும்விட அதிகம் கேட்டது கேஸ் வாசம். அடுப்பை அணைத்ததும் கேட்பாள். படுத்த பிறகு கேட்பாள். ஒருமுறை ஆவுடையார்கோவிலுக்குப் போகும் பேருந்தில், அறந்தாங்கி தாண்டிய பிறகு என் பக்கம் திரும்பி, "கெளம்பும்போது கேஸ மோந்தீங்களா?" என்றாள். மோந்தேன் என்றேன். "மோந்த மாதிரி தெரியலையே" என்றாள். இறங்கி, எதிர்ப் பேருந்து பிடித்து வீட்டுக்கு வந்தோம். சாமியை இன்னும் பார்க்கவில்லை.

ஒருநாள் உண்மையாகவே கேஸ் வாசம் வந்தது. அவள் கேட்டாள். ஆமாம் என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு நான் கொடுத்த விலையைச் சொல்ல வேண்டும். செவந்தி நைட்டியோடு தெருவுக்கு ஓடினாள். தெரு எங்கள் வீட்டுக்குள் வந்தது. யாரோ மெயின் சுவிட்சை அணைத்தார்கள், யாரோ ஈரச் சாக்கைக் கொண்டுவந்தார்கள், பேருந்து ஒன்று நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனது. மெக்கானிக் வந்து தேய்ந்த ரப்பர் வாஷர் ஒன்றை எடுத்துக் காட்டினார். "இம்புட்டுத்தானா? நான் வீடே போச்சுன்னுல்ல ஓடியாந்தேன்" என்று பிச்சையம்மாள் எல்லோருக்கும் முன்னால் சொல்லிச் சிரித்தாள். அதன் பிறகு செவந்தி கேட்பது பல மடங்கானது. ஆமாம் என்று சொன்னால் என்னென்ன நடக்கும் என்பதை நான் அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

அவளுக்கு இரத்த அழுத்தம் ஏறத் தொடங்கியது. பதற்றம் கூடாது என்று டாக்டர் சொன்னார். நான் பொறுப்புள்ள கணவன். புதுக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த ஐம்புலன் அமைதி முகாமில் போய்ச் சேர்ந்தேன்.

நடத்தியவர் ரகுநாத். முன்பு மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக இருந்தவர். நல்ல குரல். "ஒடம்புக்குள்ள ரெண்டு பேருதாங்க இருக்காங்க. ஒருத்தன் காவக்காரன், இன்னொருத்தி தாலாட்டுறவ. நாம காவக்காரனுக்கே சம்பளம் குடுத்துக்கிட்டு இருக்கோம்" என்றார். வெந்நீரில் காலை வைக்கச் சொன்னார். கிராம்பை வாயில் அடக்கச் சொன்னார். பதிவு செய்த மழைச் சத்தத்தைக் கேட்கச் சொன்னார். ஹார்ன் சத்தம் நெஞ்சைத் துடிக்க வைக்கிறது, ஈரத் துணி நெற்றியைத் தொட்டால் மூச்சு நீள்கிறது. அது பொய்யில்லை, இன்றும் சொல்வேன். வெளியே பந்தல்காரர் இரும்புக் குழாய்களை லாரியிலிருந்து இறக்கிப் போட்டபோது ரகுநாத் மைக்கிலேயே அவரை வாய்க்கு வந்தபடி திட்டினார். அதைத் தவிர முகாம் முழுவதும் அமைதியாகவே இருந்தது.

கடைசி நாளில் அவர் சொன்னதுதான் எனக்குப் பயன்பட்டது. "பக்கத்துல இருக்கவங்க கொரலுதாங்க பெரிய மருந்து. நீங்க நெதானமா ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க. அவங்க ஒடம்பு நம்பும். காரணமெல்லாம் கேக்காது."

ஆய்வகத்தில் இருந்தவன் எதையும் சோதிக்காமல் ஏற்க மாட்டான். பிரஷர் பார்க்கும் கருவியை வாங்கிவந்து செவந்தியின் கையில் சுற்றினேன். நல்ல பாலை முகர்ந்து, நல்ல பால் என்றேன், அழுத்தம் இறங்கியது. இன்னொரு நாள் புளிக்கத் தொடங்கிய பாலை முகர்ந்து, நல்ல பால் என்றேன். அதே அளவு இறங்கியது. உடம்புக்கு உண்மை தேவைப்படவில்லை, குரல் போதுமாக இருந்தது. இந்தக் கண்டுபிடிப்பு எனக்கு மகிழ்ச்சியளித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அந்தப் பாலில் போட்ட காபியைக் குடித்துவிட்டு, "புளிக்குதேங்க" என்றாள்.

"மூக்கு போனா நாக்கும் போகும்னு டாக்டர் சொன்னாருல்ல."

"அப்ப இது புளிப்பில்லயா?"

"ஒண்ணுமில்ல, குடி."

அவள் தன்னைப் பார்த்தே சிரித்துக்கொண்டு மிச்சத்தையும் குடித்தாள். மறுநாள் வயிறு கெட்டது. ஆனால் பிரஷர் ஏறவில்லை.

அதன் பிறகு நான் முகர்வதைக் குறைத்துக்கொண்டேன். பதில் ஒன்றுதான் என்றாகிவிட்ட பிறகு கேள்வியை ஆராய்வது வீண் வேலை. பாத்திரம் வரும், தலையைச் சற்றுக் குனிவேன், ஒன்றுமில்லை என்பேன். வீட்டில் அமைதி வந்தது. என் உடம்பும் தேறியது என்று நண்பர்கள் சொன்னார்கள்.

பரணில் எலி செத்தது இந்தக் காலத்தில்தான். எனக்குத் தெரிந்தது. சொல்லியிருந்தால் அவள் பரணில் ஏறியிருப்பாள், சாமான்கள் எல்லாம் கூடத்துக்கு வந்திருக்கும், ஒரு வாரம் டெட்டால் வாடை அடித்திருக்கும். நான் கூடத்திலிருந்து முன்னறைக்கு நாற்காலியை மாற்றிக்கொண்டேன். அந்த வாரம் செவந்தி தன் மகளிர் குழுவை வீட்டில் கூட்டினாள். வந்த பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கேசரியை யாரும் தொடவில்லை. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிச்சையம்மாளுக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏத்தா செவந்தி, எலி செத்து நாறிக் கெடக்குது, ஒனக்குத்தான் தெரியாது. ஒம் புருசன் மூக்கயும் கொரோனாவா தூக்கிட்டுப் போச்சு?"

எல்லோரும் போன பிறகு செவந்தி என் முன்னால் வந்து நின்றாள். கோபமாக இல்லை. ஊர் முன்னால் அழுக்குத் துணியோடு நின்றவள்போல இருந்தாள்.

"நாலு நாளா கேட்டேனேங்க. ஒண்ணுமில்லன்னீங்களே."

"எனக்கு ஒண்ணும் வரல செவந்தி. பிச்சையம்மாளுக்கு எல்லாத்துலயும் ஒரு நாத்தம் வரும்."

அவள் யோசித்தாள். "அதுவும் சரிதான்" என்றாள். யாரை நம்புவது என்று அவளே முடிவு செய்தாள், நான் வற்புறுத்தவில்லை. பிச்சையம்மாள் பேசிவிட்டுப் போன பிறகு அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்பதை மட்டும் கருவியில் காட்டினேன். செவந்தி அங்கே போவதை நிறுத்தினாள். பிச்சையம்மாள் சில நாள் வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்தாள், அப்புறம் விட்டுவிட்டாள்.

சாலைப் பக்கமிருந்த அடுக்களை ஜன்னலையும் அப்போதுதான் அடைத்தேன். ஹார்ன் சத்தம் அவளை உலுக்கியது என்பது காரணம். என்னையும் உலுக்கியது.

விடுமுறைக்கு வந்த அழகுமலை சிங்கப்பூரிலிருந்து ஒரு கருவி வாங்கிவந்தான். கேஸ் கசிந்தால் கத்தும். "அக்கா, இனிமே மச்சானப் போட்டுப் படுத்தாத. இதே மோந்து பாத்துச் சொல்லிரும்" என்று அடுக்களைப் பிளக்கில் மாட்டிவிட்டுப் போனான். அது கொசு மருந்து அடித்தாலும் கத்தியது, சென்ட் போட்டுக்கொண்டு யாராவது வந்தாலும் கத்தியது. கத்தும்போதெல்லாம் செவந்தி கையைத் தட்டினாள். "கத்துதுங்க! வேல செய்யிது பாருங்க!" அவள் அப்படிச் சிரித்து நான் வெகு காலமாகப் பார்த்திருக்கவில்லை. அளந்து பார்த்தேன், நாடி ஏறியிருந்தது. மகிழ்ச்சியில் ஏறியதா பயத்தில் ஏறியதா என்று கருவி சொல்வதில்லை. பயம் என்று எடுத்துக்கொண்டேன். முகாமில் கற்றுவந்த என் மூச்சுப் பயிற்சியும் இரண்டு முறை கெட்டிருந்தது.

அதைக் கழற்றிப் பீரோவில் வைத்தேன். அந்தப் பிளக்கில், முகாமில் விற்ற வாசனை விளக்கை மாட்டினேன். லாவெண்டர். செவந்திக்கு அந்த வாசனை தெரியாதே என்று நீங்கள் கேட்கலாம். தெரிய வேண்டியதில்லை, உள்ளே போனால் போதும் என்று ரகுநாத் சொல்லியிருந்தார்.

"தம்பி குடுத்தது எங்கங்க?"

"அங்கிட்டு வேற எடத்துல மாட்டியிருக்கேன். இனிமே சத்தமில்லாம வேல செய்யும்."

"சத்தமில்லாம எப்படிங்க சொல்லும்?"

"எனக்குச் சொல்லும்."

அவள் தலையாட்டினாள்.

இனி அந்த நாள். பால் பாத்திரத்தோடு உள்ளே போன செவந்தி, சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்று புதியதை உருட்டி மாற்றினாள். நான் முன்னறையில் பயிற்சிக்கு உட்கார்ந்தேன். சிறிது நேரத்தில், மாடியில் காற்று நன்றாக இருக்கும் என்று தோன்றியது. பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். கொடியில் காய்ந்த துணிகளின் நிழலில் பாயை விரித்தேன். கீழே அவள் பாத்திரங்களை அடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு படிக்கட்டின் அடியில் வந்து நின்றாள்.

"ஏங்க, சிலிண்டர் மாத்துனேன். கேஸ் வாசம் எதும் வருதா?"

"ஒண்ணுமில்ல, செவந்தி."

"நல்லா மோந்து பாத்தீங்களா? மேல உக்காந்துகிட்டு சொல்றீங்க."

"பாத்துட்டுத்தான் மேல வந்தேன்."

"அப்பக் காபி போடவா?"

"போடு."

மாடித் தளம் எனக்குக் கீழே ஒருமுறை தூக்கிப் போட்டது. கண்ணாடி உடைந்து சாலையில் கொட்டியது. முதலில் ஓடி வந்தவள் பிச்சையம்மாள். தன் வீட்டுப் போர்வையை நனைத்துச் செவந்தியின் மேல் போட்டவளும் அவள்தான். நான் படியிறங்கி வருவதற்குள் எல்லாம் செய்துவிட்டிருந்தாள்.

புதுக்கோட்டையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மாஜிஸ்திரேட் வந்து எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் வாக்குமூலம் வாங்கினார். காவலர் ஒருவர் பிறகு என்னை ஓரமாக அழைத்துப்போய், கவலைப்பட வேண்டாம் என்றார். "ஒங்க மேல ஒரு கொறையும் சொல்லலங்க. எங்க வீட்டுக்காரரு மோந்து பாத்துட்டு இல்லன்னு சொன்னாரு, அவரு மூக்கு தப்பாது, அதுக்கப்பறம் நாந்தான் எதையோ திருகி விட்ருப்பேன்னு சொல்லிட்டாங்க. குடுத்து வச்சவரு சார் நீங்க."

உள்ளே போனேன். முகத்தில் கண்கள் மட்டும் தெரிந்தன. அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானது. பாத்திரத்தை நீட்டிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும்போது அப்படித்தான் பார்ப்பாள்.

"எம்மேலதாங்க தப்பு? நீங்க இல்லன்னு சொன்ன பொறகு நாந்தானே எதையோ பண்ணிட்டேன்?"

அவளிடம் சொல்ல ஒரு பதில் இருந்தது. அதைச் சொன்னால் அவள் உடம்பு என்னவாகும் என்று நினைத்தேன்.

"ஒண்ணுமில்ல, செவந்தி. கண்ண மூடு."

அவள் மூடினாள். மூச்சு சீரானதை நானே பார்த்தேன். விடிவதற்குள் போய்விட்டாள்.

அழகுமலை வந்து சேர்ந்தான். காரியமெல்லாம் முடிந்து ஊர் கலைந்த பிறகு, கரி பிடித்த அடுக்களை வாசலில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அவன் கையில் அந்தக் கருவி இருந்தது. அக்காவின் சேலை ஒன்றை எடுக்கப் பீரோவைத் திறந்திருக்கிறான்.

"மச்சான், இது ஏன் பீரோவுல இருக்கு?"

"பழுதாப் போச்சுப்பா."

அவன் வயரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தான். "ஒங்களுக்கு வாசம் வரலையா மச்சான்? ஒங்க மூக்குக்கா வரல?"

"வரலப்பா."

நிதானமாகத்தான் சொன்னேன். அவன் தோள்கள் தளர்ந்ததைப் பார்த்தேன். பிறகு அழுதான். "எங்கக்காவுக்கு எப்பவுமே கவனம் பத்தாது மச்சான். சின்னதுலேருந்தே அப்படித்தான். ஒங்களையும் என்ன பாடு படுத்தியிருக்கும்" என்றான். தன் வாழ்நாளில் நான்கு ஆண்டுகளைக் கவனத்தைத் தவிர வேறெதுவும் இல்லாமல் கழித்த ஒருத்தியைப் பற்றி அவன் அப்படிச் சொன்னான். நான் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். தொடுதலும் ஒரு மருந்து.

போலீஸ் கோப்பில் கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிட்டார்கள். கவனக்குறைவு அவளுடையது. அடுத்த முகாமில், இழப்பிலும் குலையாத மனிதர் என்று ரகுநாத் என்னை மேடைக்கு அழைத்தார். பேசினேன். பெண்கள் அழுதார்கள். சால்வை போட்டார்கள். கடைசியில் கேள்வி கேட்கலாம் என்றபோது பின்வரிசையில் ஒருவர் எழுந்து, அந்த நேரத்தில் உங்களால் எப்படி அமைதியாக இருக்க முடிந்தது என்று கேட்டார். பழக்கம்தான் என்றேன். கை தட்டினார்கள்.

அழகுமலை கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் இது. வாசம் வந்தது. அவள் கேட்பதற்கு முன்பே வந்தது. சிலிண்டரில் இருக்கும் வாயுவுக்குச் சொந்தமாக வாசம் கிடையாது. மனிதன் உஷாராக வேண்டும் என்பதற்காக அந்த நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். இதை எத்தனையோ பிள்ளைகளுக்கு நானே சொல்லியிருக்கிறேன். அது காற்றைவிடக் கனமானது, ஜன்னல் அடைத்த அறையில் தரையோடு தேங்கும் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டாவது மூச்சில் கண்டுகொண்டேன். லாவெண்டரையும் மீறி வந்தது. எழுந்துபோய் ரெகுலேட்டரை மூடியிருக்கலாம். மூடினால் ஏன் மூடினீர்கள் என்று கேட்பாள், ஆமாம் என்று சொல்ல வேண்டி வரும், மறுபடியும் தெரு வரும், பிச்சையம்மாள் சிரிப்பாள், மாலை முழுவதும் போய்விடும். அந்த நாற்றத்தில் என் மூச்சு சீராக வரவில்லை. அதனால்தான் பாயைச் சுருட்டிக்கொண்டு மாடிக்குப் போனேன். அவள் தீக்குச்சியைக் கிழிப்பாள் என்று தெரிந்துதான் போடு என்றேன்.

நான் அவளைக் கொல்ல நினைக்கவில்லை. அவள் கேட்காமல் இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். இரண்டும் வேறு வேறு.

இதை அழகுமலைக்குத்தான் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் போன மாதம் போனில் பேசும்போது, தனக்கும் பிரஷர் இருப்பதாக டாக்டர் சொல்லிவிட்டார் என்றான். இந்த நிலையில் அவனைக் கலவரப்படுத்துவது நியாயமில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது, உங்கள் உடம்புக்கு நான் பொறுப்பில்லை.

அடுக்களையைப் புதுப்பித்துவிட்டேன். காபி நானே போட்டுக்கொள்கிறேன். கேஸ் இணைப்பு இன்னும் செவந்தி பெயரில்தான் இருக்கிறது.